நட்பு நாடுகள் ஊரறிய ஏசிக்கொண்டால் உண்மையில் கெடுவது என்ன?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நட்பு நாடுகளின் தலைவர்கள் மேடையிலும் பத்திரிகையிலும் ஒருவரையொருவர் தாக்கிப் பேசுகிறார்கள், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், அப்படியானால் இடையில் கெட்டுப்போனதாகச் சொல்லும் நம்பிக்கை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை எல்லாம் உள்ளூர் ஓட்டுக்காக நடக்கும் பேச்சுதானா என்கிறீர்கள். கடைசி வரியில், மகன் ஜோகூர் பாருவில் தங்கித் தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார், இரண்டு அரசாங்கமும் முறைத்துக்கொள்ளும்போதெல்லாம் மனம் பதறுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எந்தப் பேச்சுக்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்?

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன். பல்கலைக்கழகத்தில் அனைத்துலக உறவுகள் படித்துவிட்டு, ஆறாம் படிவ மாணவர்களுக்கு வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். தூதரகத்தில் வேலை பார்த்தவன் அல்ல. மூடிய அறைக்குள் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பது ஆவணங்கள் வெளிவரும்வரை என்னைப் போன்றவர்களுக்கு எட்டாது. அதனால் வெளியே தெரிந்ததை, அதிலும் முக்கியமாகச் சண்டைக்குப் பிறகு இரண்டு நாடுகளும் என்ன செய்தன என்பதை வைத்துத்தான் பேசுகிறேன்.

நம் ஊருக்கு மிக அருகில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். 2019 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் அப்போதைய பிரதமர் மகாதீர், காஷ்மீரை இந்தியா படையெடுத்து ஆக்கிரமித்துவிட்டது என்று பேசினார். டிசம்பரில் இந்தியாவின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தையும் விமர்சித்தார். 2020 ஜனவரியில் சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு போட்டது. மலேசியாவின் பெயரைச் சொல்லிப் போடவில்லை, ஆனால் அடி யாருக்கு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, வாங்குகிறவர்கள் இந்தோனேசியா பக்கம் திரும்பினார்கள். 2019-இல் நம் எண்ணெயை மிக அதிகமாக வாங்கிய நாடே இந்தியாதான். திருப்பி அடிக்க நாம் மிகச் சிறியவர்கள் என்று மகாதீரே சொல்ல வேண்டிய நிலை வந்தது. குலை வெட்டுகிறவர்களும் நாலைந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர்களும் ஐ.நா. சபையில் என்ன பேசினார்கள் என்று விசாரித்த காலம் அது. பிறகு பிப்ரவரி கடைசியில் அவர் பதவி விலகினார், புதிய அரசாங்கம் வந்தது, மே மாதத்துக்குள் இந்தியாவிலிருந்து ஒரு லட்சம் டன் அரிசி வாங்க நாம் ஒப்பந்தம் போட்டோம், அவர்களும் நம் எண்ணெயை மறுபடி வாங்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் எண்ணெய் விலை இறங்கியதில் இந்தியாவின் பங்கு எவ்வளவு, கொரோனாவின் பங்கு எவ்வளவு என்று யாராலும் சுத்தமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். ஓர் ஆள் போனதும் சண்டை போய்விட்டது. கோபம் இருந்தது, பண நட்டம் இருந்தது, ஆனால் இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று நம்பி வைத்திருந்த எதுவும் உடையவில்லை. நம்பிக்கை கெட்டது என்று நான் எதைச் சொல்கிறேனோ அது இதுவல்ல.

அப்படியானால் எது? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் இடத்தில், காண்டா வாளியோடு ஆண்களும் பெண்களும் வரிசையாக நிற்கும்போது, துரையோ தலைமைக் கணக்கரான பெரிய கிராணியோ, ஆட்களை மேற்பார்க்கும் மண்டோரை எல்லார் முன்னாலும் ஏசினால் என்ன நடக்கும் என்று பார்த்திருப்பீர்கள். அதே பேச்சை ஆபீசுக்குள் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் மண்டோர் தலையாட்டிவிட்டு, தப்பைத் திருத்திக்கொண்டு போயிருப்பார். பெரட்டில் ஏசியதால் அவரால் திருத்திக்கொள்ளவும் முடியாது. திருத்திக்கொண்டால் துரைக்குப் பயந்துவிட்டார் என்று அன்றைக்கே நிரை முழுக்கப் பேசுவார்கள், நாளைக்கு அவர் சொல்லுக்கு மதிப்பு இருக்காது. அதனால் தப்பு தன்மேல்தான் என்று தெரிந்தாலும் முறுக்கிக்கொண்டு நிற்பார். நாட்டுத் தலைவர்களுக்கும் இதே நெருக்கடிதான், அவர்கள் பின்னால் நிற்பது வாக்காளர்கள். வெளிப்படையாகப் பேசிவிட்டுப் பின்வாங்கும் தலைவர் சொந்த மக்களிடம் விலை கொடுக்கிறார் என்பதை 1994-இல் ஜேம்ஸ் ஃபியரன் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் ஒரு கட்டுரையில் விரிவாக விளக்கினார். அவர் எழுதியது போர் நெருக்கடிகளைப் பற்றி. நட்பு நாடுகளுக்கு இடையிலான விமர்சனத்துக்கு அது அப்படியே பொருந்துமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒரே கருத்து கிடையாது, நான் பொருந்தும் என்கிற பக்கம்.

ஆனால் இது பாதிக் கதைதான். விட்டுக்கொடுக்க முடியாமல் போவது சண்டையை நீட்டும், அவ்வளவே. உறவின் அடித்தளம் ஆட வேண்டுமானால் அந்தப் பேச்சு கொடுத்த வாக்கைத் தொட வேண்டும். ஆபத்தில் இவன் வருவானா, தனியாகச் சொன்னதை இவன் காப்பானா, போட்ட கையெழுத்துக்கு நிற்பானா என்ற சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். அப்படித் தொட்டுவிட்டால் மற்றவர் சத்தம் போட மாட்டார். சிரித்துக்கொண்டே மாற்று ஏற்பாடு செய்யத் தொடங்குவார். ஓர் உறவு கெட்டதா இல்லையா என்று பார்க்க நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி இதுதான்: படத்தில் கைகுலுக்குகிறார்களா என்று பார்க்காதே, அடுத்த பத்து ஆண்டில் யார் எதைத் தனியாகக் கட்டினார்கள் என்று பார்.

சிங்கப்பூர்த் தண்ணீர் விவகாரம் இதற்கு நல்ல உதாரணம், உங்கள் மகனுக்கும் நெருக்கமானது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம், ஆயிரம் கேலனுக்கு 3 சென், 2061 வரை. விலையை உயர்த்தச் சொல்லி நாம் கேட்பதும் அவர்கள் மறுப்பதும் பழைய கதை. இடையிடையே நம் பக்கத்து அரசியல் மேடைகளில் குழாயை மூடிவிடுவோம் என்ற பேச்சும் எழும். மேடையில் பேசுகிறவருக்கு அது கைதட்டல், அக்கரையில் கேட்கிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. 2003 ஜனவரியில் சிங்கப்பூர், இரு நாட்டுத் தலைவர்களும் தண்ணீர் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களை நாடாளுமன்றத்தில் வெளியிட்டது, மார்ச்சில் ஒரு சிறு நூலாகவும் போட்டது. தனிப்பட்ட கடிதத்தை ஊருக்குக் காட்டிவிட்டார்களே என்று மலேசியா கொதித்தது, அதே ஆண்டு ஜூலையில் நம் தரப்பை விளக்கிப் பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரங்கள் வந்தன. தங்கள் பேரில் பொய் சொல்லப்படுவதாக நினைத்துத்தான் வெளியிட்டோம் என்பது சிங்கப்பூரின் வாதம். யார் சொன்னது சரி என்பதை நான் இங்கே தீர்க்கப்போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தத் தலைவர் மனம்விட்டுக் கடிதம் எழுதுவார்?

இத்தனைக்கும் ஜோகூர்த் தண்ணீர் நிற்கவே இல்லை. ஒப்பந்தப்படி போய்க்கொண்டுதான் இருந்தது, இருக்கிறது. ஆனாலும் சிங்கப்பூர் என்ன செய்தது என்று பாருங்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நியூவாட்டர் ஆலைகளை 2003-இல் திறந்தது, 2005-இல் துவாஸில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை ஓடவிட்டது, ஜோகூர்த் தண்ணீருக்கான இன்னொரு ஒப்பந்தமான 1961-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2011 ஆகஸ்டில் முடிந்தபோது அதைப் புதுப்பிக்காமலே விட்டுவிட்டது. அவர்களுடைய நீர்த் திட்டம் எழுபதுகளிலேயே தொடங்கிவிட்டது, ஆகவே எல்லாம் நம் மேடைப் பேச்சால்தான் என்று சொன்னால் அது தவறு. அந்தப் பேச்சு அவர்களை வேகப்படுத்தியது, அத்தனை பெரிய செலவை மக்களிடம் நியாயப்படுத்த உதவியது என்பது என் கணிப்பு. கணிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே மாதிரி நாமும் செய்திருக்கிறோம். 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் நம் அரசாங்க முதலீட்டு நிறுவனமான பி.என்.பி. சில மணி நேரத்தில் பிரிட்டிஷ் தோட்ட நிறுவனமான கத்ரியைக் கைப்பற்றியது. நம்மில் எத்தனையோ குடும்பங்கள் கத்ரி தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவை, ஆகவே இது வெறும் பங்குச் சந்தைச் செய்தி அல்ல. பணம் கொடுத்து, விதிப்படி வாங்கினோம். பிரிட்டிஷ் தரப்பில் கொல்லைப்புறமாகத் தேசியமயமாக்கிவிட்டார்கள் என்று எழுதினார்கள், சந்தை விதிகளையும் இறுக்கினார்கள். அதற்கு முன்பே வெளிநாட்டு மாணவர்களின் கல்விக் கட்டணத்தை அங்கே கடுமையாக ஏற்றியிருந்தார்கள், நம் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் மகாதீர், பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்குங்கள் என்று அறிவித்தார், அரசாங்கக் குத்தகை எதுவானாலும் பிரிட்டிஷ் நிறுவனத்துக்குப் போவதென்றால் பிரதமர் துறையைத் தாண்டித்தான் போக முடியும். 1983-இல் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரைச் சந்தித்த பிறகு அந்தத் தடை நீங்கியது. சரி, சமாதானம் ஆகிவிட்டதா? ஆகிவிட்டது. ஆனால் 1982-இல் தொடங்கிய கிழக்கு நோக்கும் கொள்கை நிற்கவில்லை. மாணவர்கள் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போனார்கள், அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் பிரிட்டனின் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்தன. தடை ஒன்றரை ஆண்டு, அதன் பின்விளைவு ஒரு தலைமுறை.

கவனியுங்கள், இத்தனை கோபத்திலும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், மலேசியா சேர்ந்து 1971-இல் செய்த ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு உடையவில்லை. 1993-இல் ஆஸ்திரேலியப் பிரதமர் கீட்டிங், ஏபெக் என்ற ஆசிய பசிபிக் பொருளாதார மாநாட்டுக்கு வராத மகாதீரைப் பிடிவாதக்காரர் என்ற பொருளில் பேசிப் பெரிய ரகளை ஆனது, அப்போதும் பட்டர்வொர்த்தில் கூட்டு வான் தற்காப்புத் தலைமையகம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அந்த ஏற்பாட்டில் கட்டாயமாக வந்து போரிடுவோம் என்ற வாக்கே கிடையாது, ஆபத்து வந்தால் கூடிப் பேசுவோம் என்பதுதான் வாக்கு. கீட்டிங் அந்த வாக்கைத் தொடவில்லை, மனிதரைத்தான் தொட்டார்.

வாக்கைத் தொடுவது எப்படி இருக்கும் என்றால், அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவைப் பாருங்கள். ஒருவருக்கு அடி விழுந்தால் எல்லாருக்கும் விழுந்தது போல என்ற அதன் ஐந்தாவது விதி இதுவரை ஒரே ஒரு முறைதான் நடைமுறைக்கு வந்தது, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவுக்காக. 2017 மே மாதம் பிரசல்ஸில் டிரம்ப், கூட நின்ற தலைவர்களை வைத்துக்கொண்டே நீங்கள் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்று ஏசினார், அந்த விதிக்கு நாங்கள் கட்டுப்படுவோம் என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் விட்டார். பணம் பற்றிய ஏச்சு ஐரோப்பாவுக்குப் புதிதல்ல, அவருக்கு முன்னால் இருந்த அமெரிக்க அமைச்சர்களும் சொன்னதுதான். சொல்லாமல் விட்ட வாக்கியம்தான் தைத்தது. மூன்றே நாளில் ஜெர்மன் தலைவர் மெர்க்கல் மியூனிக்கில், மற்றவர்களை முழுமையாக நம்பியிருந்த காலம் ஓரளவு முடிந்துவிட்டது என்றார். 2024 பிப்ரவரியில் டிரம்ப், பணம் கட்டாத நாட்டை ரஷ்யா என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்ற பொருளில் தேர்தல் மேடையில் பேசினார். 2025-இல் ஜெர்மனி ராணுவச் செலவுக்காகத் தன் அரசியல் சாசனத்தின் கடன் வரம்பையே தளர்த்தியது, பிரான்சின் அணு ஆயுதப் பாதுகாப்பை மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் விரிக்கலாமா என்ற விவாதத்தை அந்நாட்டு அதிபர் மக்ரோன் தொடங்கினார். இதுதான் மாற்று ஏற்பாடு.

இங்கே எதிர்வாதம் ஒன்று உண்டு, நியாயமானது. ஏசியதால்தானே ஐரோப்பா செலவை உயர்த்தியது, நாட்டின் மொத்த உற்பத்தியில் 2 விழுக்காட்டை ராணுவத்துக்குச் செலவிட வேண்டும் என்ற, 2014-இல் மூன்று நாடுகள் மட்டுமே எட்டிய நேட்டோ இலக்கை 2024-இல் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் எட்டினவே என்பார்கள். உண்மைதான். ஆனால் நடுவில் 2022-இல் ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்தது. டிரம்பின் வாய் பாதி, புட்டினின் படை பாதியா, இல்லை வேறு கணக்கா என்பதைப் பிரிக்க முடியாது, பிரித்துவிட்டேன் என்று சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்: பணம் வந்தது, நம்பிக்கை போனது.

ரகசியம் காப்பது பற்றி இன்னொன்று. 2021 செப்டம்பரில் ஆஸ்திரேலியா, பிரான்சிடம் வாங்கவிருந்த நீர்மூழ்கிக் கப்பல்களை விட்டுவிட்டு அமெரிக்கா, பிரிட்டனுடன் ஆக்கஸ் என்ற தற்காப்பு உடன்பாடு செய்தது. பிரான்ஸ் வாஷிங்டனிலிருந்தும் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவிலிருந்தும் தூதர்களைத் திரும்ப அழைத்தது, வாஷிங்டனிலிருந்து அப்படி அழைத்தது வரலாற்றிலேயே முதல் முறை. அக்டோபர் கடைசியில் ரோமில், ஆஸ்திரேலியப் பிரதமர் மோரிசன் உங்களிடம் பொய் சொன்னார் என்று நினைக்கிறீர்களா என்று ஆஸ்திரேலிய நிருபர்கள் கேட்டபோது, நினைக்கவில்லை, எனக்குத் தெரியும் என்றார் மக்ரோன். கடுமையான பேச்சுதான். அதற்கு அடுத்து நடந்தது அதைவிட மோசம். மக்ரோன் மோரிசனுக்குத் தனிப்பட்ட முறையில் அனுப்பிய கைப்பேசிச் செய்தி ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் வெளியானது. நல்ல செய்தியா கெட்ட செய்தியா வரப்போகிறது என்று அவர் கேட்டிருந்த வரி அது. ஒரு நாட்டின் அதிபர் அனுப்பும் குறுஞ்செய்தி பத்திரிகைக்குப் போய்விடும் என்றால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற தலைவர்களும் பாடம் படித்துக்கொள்வார்கள். இதோடு நம் அதிவேக ரயிலை வைத்துப் பாருங்கள். கோலாலம்பூர்–சிங்கப்பூர் ரயில் திட்டம் 2021 ஜனவரி 1-ஆம் தேதி கைவிடப்பட்டது. இரண்டு பிரதமர்களும் கூட்டறிக்கை விட்டார்கள், ஒப்பந்தப்படி மலேசியா 10 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. பெரிய திட்டம் போனதில் வருத்தம் இருந்தது, ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற பேச்சு எழவில்லை. 2025 ஜனவரியில் அதே இரண்டு நாடுகளும் ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குக் கையெழுத்துப் போட்டன. இரண்டு இடத்திலும் ரத்தானது ஒப்பந்தம்தான். செய்த விதம் வேறு.

முழுவதும் உடைந்த கதை வேண்டுமானால் சோவியத்தும் சீனாவும். 1950-இல் 30 ஆண்டுக்கு நட்புடன்பாடு போட்டார்கள். கருத்து வேறுபாடு வந்ததும் முதலில் ஜாடை பேசினார்கள், சீனா யூகோஸ்லாவியாவை ஏசும், ஏச்சு மாஸ்கோவுக்கு. சோவியத் அல்பேனியாவை ஏசும், ஏச்சு பெய்ஜிங்குக்கு. 1960-இல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் சீனாவில் இருந்த தன் நிபுணர்களை மொத்தமாகத் திரும்ப அழைத்துக்கொண்டார், பாதி கட்டிய ஆலைகள் அப்படியே நின்றன. 1961-இல் மாஸ்கோ மாநாட்டில் அல்பேனியாவை வெளிப்படையாகத் தாக்கியதும் சீனப் பிரதமர் சௌ என்லாய் மாநாடு முடியும் முன்பே ஊர் திரும்பினார். 1969-இல் உசூரி ஆற்றங்கரையில் இரண்டு ராணுவமும் சுட்டுக்கொண்டன. அப்போதும் அந்த நட்புடன்பாடு காகிதத்தில் உயிரோடுதான் இருந்தது. அவர்களைப் பிரித்தது பேச்சு மட்டும் அல்ல, கொள்கையும் எல்லையும் அணுகுண்டும் உண்டு, ஆனால் வெளிப்படையாகப் பேசிவிட்ட பிறகு இறங்கி வர இருவருக்கும் வழியில்லாமல் போயிற்று.

அப்படியானால் நட்பு நாடு தப்புச் செய்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். என் பதில், இல்லை. 2007 நவம்பரில் மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக நடந்த ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் பிறகு தமிழக முதல்வர் கருணாநிதி, மலேசியத் தமிழர் நிலை குறித்து இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். உங்கள் மாநிலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பாணியில் இங்கிருந்து ஓர் அமைச்சர் பதில் சொன்னார். அரசாங்கங்களுக்கு அது உரசலாக இருந்திருக்கலாம். ஆனால் தோட்டத்தை விற்றுவிட்டார்கள், வீடும் போய்விட்டது என்று நின்ற குடும்பங்களுக்கு, நம்மைப் பற்றிக் கேட்க வெளியே ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம் சின்ன விஷயம் இல்லை. மக்கள் உயிரும் மானமும் போகும் இடத்தில் பேசத்தான் வேண்டும், அதற்கு வரும் விலையையும் கொடுக்கத்தான் வேண்டும். உள்ளூர்க் கைதட்டலுக்காக நண்பனின் வாக்கைச் சந்தேகப்படுத்திப் பேசுவதைத்தான் நான் வெறுக்கிறேன்.

இனி உங்கள் மகன் விஷயம். 1997-இல் லீ குவான் இயூ நீதிமன்ற ஆவணத்தில் ஜோகூரைக் குற்றங்களுக்குப் பேர்போன இடம் என்று குறிப்பிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். 1998-இல் சிங்கப்பூர் விமானப்படை நம் வான்வெளியில் பறக்கக் கொடுத்திருந்த அனுமதியை ரத்து செய்தோம். 2003-இல் தண்ணீர்க் கடிதங்கள், 2018 கடைசியில் துறைமுக எல்லையும் வான்வெளியும். இந்தச் சண்டை எதிலும் ஜோகூர் பாலத்தில் வேலைக்குப் போகிறவர்களை நிறுத்தவில்லை. 2020 மார்ச்சில் போக்குவரத்து நின்றது கொரோனாவால். அதனால் ஓர் அமைச்சர் மேடையில் முழங்கினார் என்ற செய்திக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லை தாண்டி வேலைக்குப் போகக் கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுத்தார்கள், வழக்கமாக நடக்கும் தலைவர்கள் சந்திப்பைத் தேதி சொல்லாமல் தள்ளிவைத்தார்கள், வேலைப் பெர்மிட் விதியைத் திடீரென்று மாற்றினார்கள் என்ற செய்தி வந்தால் அப்போது மகனைக் கூப்பிட்டு, முதலாளியிடம் பேசி அக்கரையிலேயே தங்க ஓர் இடம் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.